பழைய கார் ஷெட்டை இடிக்கலாமா?

ஐப்பசி மழை இரண்டு நாள் விடாமல் பெய்து ஓய்ந்ததும், கார் ஷெட்டின் கூரையிலிருந்து ஒரு முழ அகலத்துக்குப் பூச்சும் காங்கிரீட்டும் பெயர்ந்து பானட்டின் மேல் விழும். அண்ணாந்து பார்த்தால் கம்பி செங்காவி நிறத்தில் பல்லைக் காட்டும். அண்ணா நகர், அசோக் நகர், கே.கே. நகர் என்று சென்னையில் 1970, 80களில் தனி வீடு கட்டிக் குடியேறியவர்களின் பிள்ளைகள் பலர் இப்போது இந்தக் கேள்வியில்தான் நிற்கிறார்கள். ஷெட்டை இடிப்பதா, ஒட்டுப் போடுவதா? கையோடு கேட்டிலிருந்து ஷெட் வரைக்குமான பாதையையும் சரி செய்துவிடலாமா?

மேஸ்திரியைக் கூப்பிட்டால் இரண்டு பதில்களில் ஒன்று வரும். கையில் நிறைய வேலை இருப்பவர், "ஒண்ணும் ஆகாது சார், கொத்திட்டு கெமிக்கல் அடிச்சுப் பூசிடலாம்" என்பார். வேலை இல்லாதவர், "இது தாங்காது சார், இடிச்சுட்டுப் புதுசாப் போட்ருங்க" என்பார். இரண்டுமே சில வீடுகளில் சரி. எந்த வீட்டில் எது சரி என்று கண்டுபிடிக்கக் கொஞ்சம் வேதியியலும் கொஞ்சம் கோணக்கணக்கும் தெரிந்தால் போதும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஷெட்டின் தலையெழுத்தைப் பெரும்பாலும் விரிசல் எழுதுவதில்லை, தெருவின் உயரம் எழுதுகிறது. ஆனால் எல்லோர் கண்ணும் கூரையில் இருப்பதால் அங்கிருந்தே தொடங்கலாம்.

கணக்குக்காக ஒரு ஷெட்டை எடுத்துக்கொள்வோம். 1982-ல் கட்டியது. வெளி அளவு 10 அடிக்கு 18 அடி. மூன்று பக்கம் 9 அங்குலச் செங்கல் சுவர், மேலே 4 அங்குலக் காங்கிரீட் தளம், முன்பக்க லிண்டல் 7 அடி உயரத்தில். கேட்டிலிருந்து ஷெட் வரை 10 அடி அகலத்தில் 40 அடி நீளத்துக்கு சிமென்ட் பாதை.

சிமென்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது கால்சியம் ஹைட்ராக்சைடும் உண்டாகிறது. வெள்ளையடிக்க நீற்றிய சுண்ணாம்பும் அதே பொருள்தான். அதனால் புதுக் காங்கிரீட்டின் நுண்துளைகளில் தங்கும் ஈரம் கடுமையான காரத்தன்மை கொண்டது, பிஎச் 12.5-லிருந்து 13.5 வரை இருக்கும். அந்தக் காரத்தில் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆக்சைடு படலம் படிகிறது. படலம் இருக்கும் வரை, ஈரமும் ஆக்சிஜனும் வந்து தொட்டாலும் கம்பி துருப்பிடிக்காது. காங்கிரீட்டுக்குள் இரும்பைப் போட்டு நூறாண்டுக்கும் மேலாக மனிதர்கள் கட்டடம் கட்டி வருவது இந்தக் காரத்தின் தயவில்தான்.

காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு அந்தத் தயவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. துளைகள் வழியாக உள்ளே போய், கால்சியம் ஹைட்ராக்சைடோடு வினைபுரிந்து அதைச் சுண்ணாம்புக்கல்லாக, அதாவது கால்சியம் கார்பனேட்டாக மாற்றுகிறது. மாறிய பகுதியில் பிஎச் 9-க்குக் கீழே இறங்கிவிடும். மேற்பரப்பில் தொடங்கும் இந்த மாற்றம் ஆண்டுக்கு ஆண்டு உள்நோக்கி நகர்கிறது. அது கம்பியைத் தொடும் நாளில் படலம் கரைந்து, கம்பி சாதாரண இரும்பாகிவிடும்.

நகரும் வேகத்துக்கு ஒரு விதி உண்டு. ஆழம், காலத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப அதிகரிக்கும். சரியாக நீராற்றாத சுமாரான காங்கிரீட்டில் முதலாண்டில் 4 மி.மீ. போகிறது என்று வைத்தால், 25 ஆண்டில் 20 மி.மீ. போயிருக்கும். கம்பிக்கு அடியில் 20 மி.மீ. காங்கிரீட் மூடியிருந்தால் கால் நூற்றாண்டு நிம்மதி. மூடிய கனம் 10 மி.மீ. மட்டும் என்றால்? பாதி ஆயுள் என்றுதான் மனசு கணக்குப் போடும். வர்க்கமூல விதிப்படி கால்வாசிதான், ஆறேகால் ஆண்டு. 'கவர்' எனப்படும் இந்த மூடுகனத்தைப் பாதியாக்கினால் ஆயுள் கால்பங்காகிறது.

இப்போது 1982-க்குப் போங்கள். தளம் போடும் நாளில் கம்பியைப் பலகையிலிருந்து தூக்கி நிறுத்தக் கையில் கிடைத்த ஜல்லித் துண்டைச் செருகியிருப்பார்கள். அதற்கென்று வார்த்த கவர் பிளாக் ஷெட்டுக்கெல்லாம் ஏது? ஆட்கள் மேலே நடக்க நடக்க ஜல்லி நகர்ந்து கம்பி பலகையில் உட்கார்ந்துவிடும். காங்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456-இன் அப்போதைய பதிப்பு, 1978-ல் வந்தது, கம்பி போட்ட காங்கிரீட்டுக்கு எம்-15 தரத்தையே அனுமதித்தது. 2000-ல் வந்த பதிப்பு குறைந்தது எம்-20 என்று உயர்த்தியது. வீடு முடிந்த பிறகு மிச்சமான சிமென்டில், மிச்சமான பணத்தில் எழும்பியவை ஷெட்டுகள். ஏழு நாள் தண்ணீர் ஊற்றி நீராற்றுவதும் வீட்டு மாடியோடு நின்றிருக்கும். மாடிக்குச் சுண்ணாம்பு ஜல்லி போட்டுத் தட்டோடு பதித்தவர்கள் ஷெட்டின் மேலே பூந்தொட்டி வைத்தார்கள்.

சென்னையின் பருவமும் இதற்குத் தோதாக இருக்கிறது. துளைகள் முழுக்கத் தண்ணீர் நிறைந்திருந்தால் கார்பன் டை ஆக்சைடு நகர முடியாது. நீரில் அது பரவும் வேகம் காற்றில் பரவுவதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. முழுக்க வறண்டிருந்தாலும் வினை நடக்காது. பாதி ஈரம்தான் அதற்குப் பிடித்தம். மழை நேராகப் படாத கூரையின் அடிப்புறம் ஆண்டில் பல மாதம் அந்தப் பாதி ஈரத்தில்தான் இருக்கிறது. அப்புறம் மழை வந்து மேலிருந்து ஊறி, துருவுக்கு வேண்டிய தண்ணீரைக் கொண்டுவந்து கொடுக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். அமுக்கினால் தாங்கும் காங்கிரீட்டுக்கு இழுவிசையைத் தாங்கும் வலு அதில் பத்தில் ஒரு பங்கு. எனவே கம்பியின் நீளத்துக்கு விரிசல் விட்டு, கவர் மொத்தமும் பாளமாகக் கழன்று பானட்டில் விழுகிறது.

உப்பு இன்னொரு எதிரி. பெசன்ட் நகர், திருவான்மியூர்க் கடற்காற்றில் வருவது ஒரு வழி. கட்டும்போதே உப்பு போர்வெல் தண்ணீரில் காங்கிரீட் கலந்தது இன்னொரு வழி. குளோரைடு அயனி, பிஎச் குறையும் வரைகூடக் காத்திருக்காது; படலத்தை ஊசி குத்தியதுபோல் அங்கங்கே துளைத்து, துளைத்த இடத்தில் ஆழமாக அரிக்கும். வேலை முடிந்ததும் தீர்ந்துபோகாமல் அதே அயனி மறுபடி மறுபடி வேலை செய்யும். ஐ.எஸ். 456 கம்பி போட்ட காங்கிரீட்டில் கலக்கும் நீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடுதான் இருக்கலாம் என்கிறது. கம்பி இல்லாத காங்கிரீட்டுக்கு 2,000 வரை விடுகிறது. ஒரே போர்வெல் நீர் பாதைக்கு ஏற்றதாகவும் கூரைக்கு விஷமாகவும் இருக்கலாம்.

இதை எப்படிச் சோதிப்பது? முதலில் சின்னச் சுத்தியால் கூரையின் அடிப்புறம் முழுக்கத் தட்டுங்கள். கெட்டியான இடம் கணீரென்று சொல்லும், கழன்ற இடம் பொத்தென்று சொல்லும். பொத்தென்ற இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டமிட்டுவிட்டுக் கீழே இறங்கிப் பார்த்தால் நோயின் பரப்பு தெரிந்துவிடும். அடுத்து, பள்ளிக்கூட ஆய்வகத்தில் பார்த்த அதே பினாப்தலீன். ஓரிடத்தில் புதிதாகக் கொத்தி, தூசியை ஊதிவிட்டுத் தெளித்தால் காரம் மிச்சமிருக்கும் பகுதி அடர் ரோஜா நிறமாகும். காரம் போன பகுதி நிறம் மாறாது. நிறமில்லாத பட்டையின் கனத்தை ஸ்கேல் வைத்து அளக்கலாம். அது கம்பியைத் தாண்டியிருந்தால், இன்று பார்க்க நன்றாக இருக்கும் இடமும் வரிசையில் நிற்கிறது என்று பொருள்.

பொறியாளர்கள் கொண்டுவரும் ரீபவுண்ட் சுத்தியலை மட்டும் நம்ப வேண்டாம். கார்பனேட் ஆன மேற்பரப்பு கொஞ்சம் கெட்டிப்பட்டிருக்கும். பழைய காங்கிரீட்டில் அந்தக் கருவி வலிமையைக் கூட்டிச் சொல்லும் ஆபத்து உண்டு. கம்பியின் மின்னழுத்தத்தை அளக்கும் ஹாஃப்-செல் சோதனை செய்யக் கிடைத்தால் நல்லது. தாமிர-தாமிர சல்பேட் மின்முனையோடு ஒப்பிட்டு மைனஸ் 350 மில்லிவோல்ட்டைவிடக் கீழே போனால், அங்கே துரு நடந்துகொண்டிருக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு.

"கெமிக்கல் அடிச்சுப் பூசிடலாம்" என்ற யோசனையை இந்த மின்னழுத்தம்தான் சிக்கலாக்குகிறது. துரு ஒரு மின்வேதி வினை. கம்பியில் ஓரிடம் கரைந்து எலக்ட்ரான்களைக் கொடுக்கும். பக்கத்து இடம் அவற்றை வாங்கிக்கொண்டு பிழைத்திருக்கும். அரித்த இடம் தன் அழிவால் அக்கம்பக்கத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது என்றே சொல்லலாம். நீங்கள் அந்த இடத்தைக் கொத்தி, புதுச் சிமென்ட் கலவையால் மூடுகிறீர்கள். புதுக் காரத்தில் அந்தத் துண்டுக் கம்பி பத்திரமாகிவிடுகிறது. இதுவரை காப்பில் இருந்த ஓரத்துக் கம்பிக்கு இப்போது காவல் இல்லை. அங்கே உப்பும் ஏற்கெனவே ஊறியிருக்கிறது. சில ஆண்டுகளில் ஒட்டின் ஓரத்தைச் சுற்றி வளையமாகப் புது விரிசல் வரும். "போன தடவை வேலை செஞ்சவன் சரியில்ல" என்று அப்போது பழி இன்னொரு மேஸ்திரி மேல் விழும். அவர் நன்றாகவே செய்திருக்கலாம்.

எனவே ஒட்டு வேலை எங்கே நிற்கும்? ஓரிரு இடம் மட்டும் பொத்தென்று ஒலித்து, பினாப்தலீன் மற்ற இடங்களில் ரோஜா நிறம் காட்டினால் நிற்கும். அப்போதும் கம்பியின் முன்பக்கத்தை மட்டும் சுரண்டினால் போதாது. கம்பிக்குப் பின்னால் விரல் நுழையும் அளவு கொத்தி, முழுச் சுற்றும் துருவைத் தேய்த்து எடுத்து, துத்தநாகப் பூச்சு அடித்து, பாலிமர் கலந்த கலவையால் அழுத்தி மூட வேண்டும். கம்பியின் கனம் கண்ணில் படும்படி குறைந்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி கட்ட வேண்டும். கூரையின் கால்வாசிக்கு மேல் பொத்தலாக இருந்தால் ஒட்டு வேலைக்குச் செலவழிப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். நம் 1982 ஷெட்டுகளில் பாதி இந்தப் பக்கம்தான் விழும்.

எல்லா விரிசலும் இந்த ரகமல்ல. சுவரும் தளமும் சேரும் கோட்டில் படுக்கையாக ஓடும் விரிசல் வெயிலின் வேலை. காங்கிரீட் ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு நூறில் ஒரு மி.மீ. நீளும். ஐந்தரை மீட்டர்த் தளம் விடியற்காலைக்கும் சித்திரை நடுப்பகலுக்கும் இடையில் 30 டிகிரி சூடேறினால் ஒன்றரை மி.மீ.க்கு மேல் நீளும்; சுவர் அத்தனை நீளாது. அசிங்கமாக இருக்கும், ஆபத்தில்லை. வீட்டுச் சுவரும் ஷெட் சுவரும் சேரும் மூலையில் கீழே குறுகி மேலே அகலும் விரிசல் வேறு கதை. களிமண் நிலத்தில் வீட்டுக்கு ஆழமான அஸ்திவாரமும் ஷெட்டுக்கு ஒன்றரை அடிப் பள்ளமும் தோண்டியிருப்பார்கள். மேல்மண் மழையில் உப்பி வெயிலில் சுருங்கும்போது வீடு நிற்கிறது, ஷெட் மூச்சு விடுகிறது. விரிசலின் குறுக்கே பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி, ஒரு கோடையும் ஒரு மழையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். திறந்து மூடும் விரிசலுக்குப் பூச்சு உதவாது. ஷெட்டை வீட்டிலிருந்து பிரித்து இடைவெளி விடுவதே வைத்தியம்.

காங்கிரீட் தளத்துக்குப் பதில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட ஷெட்டா? அப்படியானால் இடிக்கும் முறைதான் முக்கியம். சிமென்டோடு பத்து, பதினைந்து சதவீதம் கல்நார் இழை சேர்த்து வார்த்த அந்தத் தகடு சும்மா இருக்கும்போது பெரிய தொல்லை இல்லை. உடைத்தாலும் அறுத்தாலும் கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் பறக்கும். நுரையீரலில் போய்த் தங்கினால் இருபது, நாற்பது ஆண்டு கழித்துப் புற்றுநோயாக எழலாம். கூரைமேல் ஏறிச் சுத்தியால் உடைத்துக் கீழே தள்ளுவதைத்தான் எல்லாத் தெருவிலும் பார்க்கிறோம். தண்ணீர் தெளித்து நனைத்து, ஜே-போல்ட்டுகளைக் கழற்றி, தகடு தகடாக முழுசாக இறக்குங்கள். ஆட்களுக்கு நல்ல முகக்கவசம் கொடுங்கள். துணி கட்டிக்கொண்டால் இழை நிற்காது.

இனி தெருவுக்கு வருவோம்.

பழைய தார்ப் பரப்பைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போடுவது பல பத்தாண்டுகள் வழக்கமாக இருந்தது. ஒவ்வொரு தடவையும் ஓர் அங்குலமோ ஒன்றரை அங்குலமோ தெரு உயரும். பழைய பரப்பைச் சுரண்டிவிட்டே போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளர் உத்தரவே போட வேண்டியிருந்தது. அதற்குள் நம் ஷெட் தெருவைவிட ஒன்றரை அடி கீழே போய்விட்டது என்று வைப்போம். சென்னையில் இது அதிசயமான எண் இல்லை.

இறங்கும் சரிவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறுக்கு ஒன்று என்ற சரிவுக்கு, ஒன்றரை அடி இறங்க 9 அடி நீளம் வேண்டும். கோணம் ஒன்பதரை டிகிரி. கேட்டை ஒட்டியே முடித்துவிட ஆசைப்பட்டு நாலுக்கு ஒன்று போட்டால் 6 அடி போதும். கோணம் 14 டிகிரி. இந்த வித்தியாசத்தைக் காரின் வயிறு கண்டுபிடிக்கும். முன் சக்கரம் சரிவில், பின் சக்கரம் சமதளத்தில் இருக்கும்போது நடுவயிறுதான் மேட்டில் உரசும். தரையிலிருந்து வயிற்றுக்கு 165 மி.மீ., சக்கரங்களுக்கு இடையே 2,450 மி.மீ. உள்ள சிறிய காருக்குத் தாங்கும் கோணம் ஏறத்தாழ 15 டிகிரி. ஆகா, 14 டிகிரி தப்பித்தோம் என்று நினைக்கலாம். நாலு பேர் ஏறி, டிக்கியில் ஊர் மூட்டை வைத்ததும் வயிறு 120 மி.மீ.க்கு இறங்கும், தாங்கும் கோணம் 11 டிகிரி ஆகிவிடும். தனியாகப் போகும்போது வராத கீறல் சத்தம் குடும்பத்தோடு போகும்போது வருவது இதனால்தான். ஆறுக்கு ஒன்றிலும், மேலேயும் கீழேயும் பாதிச் சரிவில் ஒரு துண்டு சேர்த்துக் கோணத்தை இரண்டாகப் பிரித்தால் எந்த வண்டியும் சத்தமில்லாமல் இறங்கும். நமக்கு 40 அடி இருக்கிறது, கஞ்சத்தனம் தேவையில்லை. ஒரே நிபந்தனை: சரிவு முழுவதும் கேட்டுக்கு உள்ளே இருக்க வேண்டும். தெருவில் நீட்டிய சரிவு மழைநீர்க் கால்வாயின் வாயை அடைக்கும். மாநகராட்சி வந்து இடித்தால் கோபித்துக்கொள்ள நியாயம் இல்லை.

கார் இறங்கிவிட்டது. தண்ணீரும் இறங்கும். பாதையின் பரப்பு 400 சதுர அடி, சுமார் 37 சதுர மீட்டர். ஒரு செ.மீ. மழைக்கு 370 லிட்டர். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. கொட்டியது. அப்படி ஒரு நாளில் தெருத் தண்ணீர் ஒரு சொட்டுகூட வராமல், பாதையின் மேல் நேராக விழுவது மட்டும் 18,000 லிட்டர். வடிய வழியில்லாத ஒன்றரை அடிப் பள்ளம் என்றால், அது 46 செ.மீ.தான், வானத்திலிருந்து வந்ததிலேயே நிரம்பி வழியும். தெருவும் சேர்ந்து உள்ளே கொட்டினால் சொல்லவே வேண்டாம்.

அதனால் இரண்டு தடுப்புகள் வேண்டும். கேட்டுக் கோட்டில் தெருவைவிட மூன்று, நாலு அங்குலம் உயரமாக, மழமழவென்ற ஒரு மேடு. அதைத் தாண்டி உள்ளே விழுவதைப் பிடிக்க, சரிவின் அடியில் குறுக்கே இரும்புக் கிரில் போட்ட வாய்க்கால். அது எங்கே போய்ச் சேரும்? 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். மூன்றடி விட்டம், பதினைந்தடி ஆழமுள்ள ஓர் உறைகிணறு 3,000 லிட்டர் கொள்ளும். பாதையின் மேல் விழும் எட்டு செ.மீ. மழைக்குச் சரி. திருவான்மியூர் மணலில் அது நிரம்ப நிரம்ப உறிஞ்சிக்கொண்டே இருக்கும். களிமண் பகுதியில், களிமண் அடுக்கைத் தாண்டி மணலைத் தொடும் வரை தோண்டாவிட்டால் அது வெறும் தொட்டி. சம்ப்பின் மூடி பாதையிலேயே இருந்தால், அதன் கழுத்தையும் இந்த வேலையிலேயே உயர்த்திவிடுங்கள். வெள்ளத்தில் சாக்கடை நீர் குடிதண்ணீரில் கலப்பது அந்த வழியாகத்தான்.

பள்ளமே வேண்டாம், ஷெட்டின் தரையை ஒன்றரை அடி உயர்த்திவிடலாமே என்று தோன்றும். உயர்த்தினால் 7 அடி லிண்டலுக்குக் கீழே ஐந்தரை அடிதான் மிஞ்சும், அதாவது 168 செ.மீ. பழைய அம்பாசடர் 160 செ.மீ., தலையைக் குனிந்தபடி நுழைந்துவிடும். இன்னோவா கிட்டத்தட்ட 180. கூரை முத்துப்போல இருந்தாலும், பினாப்தலீன் ரோஜாப்பூ மாதிரி சிவந்தாலும், அந்த ஷெட்டின் கதை இங்கே முடிந்தது. முதலில் சொன்னது இதைத்தான். லெவல் குழாயைப் பிடித்துத் தெருவுக்கும் ஷெட் தரைக்கும் உள்ள வித்தியாசத்தை அளக்காமல் கூரைக்கு ஒரு ரூபாயும் செலவழிக்கக் கூடாது.

அகலத்தையும் அப்போதே பார்த்துவிடலாம். நம் ஷெட்டின் உள் அகலம் எட்டரை அடி, 259 செ.மீ. இன்னோவா கிரிஸ்டாவின் உடல் 183 செ.மீ. இருபக்கமும் 38 செ.மீ. மிஞ்சும்; அதில் கதவைத் திறந்து வயசான அம்மா இறங்க முடியாது. இன்றைய தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகள் ஒரு கார் நிற்க இரண்டரை மீட்டருக்கு 5 மீட்டர் கேட்கின்றன. அந்த அளவு இருக்கிறது, ஆனால் அது சுவர் இல்லாத இடத்துக்கு வசதியான அளவு. இன்னொன்றும் உண்டு. பழைய ஷெட் அந்தக் காலத்து வரைபட அனுமதியில் மதில் ஓரமாக நிற்கிறது. இடித்துவிட்டால் புதிதாகக் கட்டுவது இன்றைய பக்க இடைவெளி விதிக்கு உட்பட்டது. சுத்தியலை எடுக்கும் முன் உரிமம் பெற்ற பொறியாளரிடம் அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

கூரையை மட்டும் எடுத்துவிட்டு லேசான தகடு போடுவது நல்ல நடுவழி. ஆனால் இங்கே எடையின் கணக்கு தலைகீழாகிறது. 4 அங்குலக் காங்கிரீட் சதுர மீட்டருக்கு 250 கிலோ. புயலில் அது தானே உட்கார்ந்திருக்கும். தகடு 5 கிலோ. காற்றுச் சுமைக்கான தரவிதி ஐ.எஸ். 875 சென்னைக்கு வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர்; அந்தக் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ எடைக்குச் சமம். கூரையின் வடிவத்தையும் எத்தனை பக்கம் திறந்திருக்கிறது என்பதையும் பொறுத்து மேலே தூக்கும் விசை இதைவிடக் கூடும், குறையும். நம் 17 சதுர மீட்டர்க் கூரையை இரண்டரை டன் விசை தூக்கப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்த மதியம் பறந்த தகடுகளுக்கு இந்தக் கணக்கு சொல்லித்தரப்படவில்லை. தூண்களின் அடியில் காங்கிரீட் பெட்டிக்கட்டு, தூணிலிருந்து தகட்டைத் தாங்கும் பர்லின் வரை போல்ட் இணைப்பு என்று தரையிலிருந்து தகடு வரை சங்கிலி அறுபடாமல் இருக்க வேண்டும்.

பாதையின் மேற்பரப்பைப் பற்றி எல்லோரும் நிறம் பேசுவார்கள். நான் அடித்தளம் பேசுகிறேன். 1950களின் இறுதியில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்ற ஊருக்குப் பக்கத்தில் சோதனைச் சாலைகள் போட்டு, ராணுவ வீரர்களை வைத்து இரண்டாண்டு லாரி ஓட்டிப் பார்த்தார்கள். சாலைக்கு வரும் சேதம் அச்சு எடையின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடும் என்ற மதிப்பீடு அதிலிருந்து வந்தது. கார் அச்சு 0.6 டன், நிறைந்த தண்ணீர் லாரியின் பின்னச்சு 10 டன். விகிதம் 16.67. நான்காம் அடுக்கு 77,000. தினமும் ஒரு தடவை காரை எடுத்து விட்டால் நாலு அச்சு ஏறுகிறது. ஒரு லாரி அச்சு ஒரு முறை ஏறுவது, கார் ஐம்பது ஆண்டு ஏறி இறங்குவதற்குச் சமம். விதி தோராயமானதுதான், ஆனாலும் முடிவு மாறாது: பாதையைக் கார் கெடுப்பதில்லை. கோடையில் உள்ளே பின்வாங்கி வந்த டேங்கரும், புதுப் பாதைக்கு எம்-சாண்ட் கொண்டுவந்த லாரியும்தான் கெடுக்கின்றன.

ஆகவே லாரியைக் கேட்டிலேயே நிறுத்துங்கள். காருக்கு மட்டும் என்றால் 60 மி.மீ. பேவர் பிளாக் போதும். லாரியும் வரும் என்றால் 80. அதற்குக் கீழே ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல் மணல், அதற்கும் கீழே ஆறு அங்குல வெட்மிக்ஸ், பிளேட் காம்பாக்டரால் இரண்டு அடுக்காக இறுக்கியது. இரண்டு ஓரமும் காங்கிரீட் கர்ப் வேண்டும். ஓரம் பிடிக்காவிட்டால் கற்கள் மெல்ல விலகி, ஒன்றையொன்று தாங்கும் பிடி போய்விடும். செங்கல் உடைசலைக் கொட்டி நிரப்புவது வேண்டவே வேண்டாம், அது ஆண்டுக்கணக்கில் நொறுங்கி அமுங்கும்.

பேவர் போட்டால் தண்ணீர் தானாக இறங்கும் என்பது பாதி உண்மை. மணல் இடுக்குகள் இரண்டே மழைக்காலத்தில் தூசியால் அடைந்து, பாதை சிமென்ட் தளம் போலாகிவிடும். உண்மையிலேயே நீர் இறங்க, மணலுக்குப் பதில் 6 மி.மீ. ஜல்லி, கீழே தூசி இல்லாத 20, 40 மி.மீ. கருங்கல் ஜல்லி போட வேண்டும். ஜல்லிகளுக்கு இடையே 40 சதவீதம் வெற்றிடம். எட்டு அங்குல அடுக்கு, உறைகிணறு அளவுக்கே, 3,000 லிட்டர் பிடித்து வைக்கும். எனக்குப் பிடித்தது இதைவிட மலிவானது. பழைய பங்களாக்களில் இருந்த மாதிரி, சக்கரம் போகும் இடத்தில் இரண்டடி அகலத்தில் இரண்டு பட்டை மட்டும் போட்டு, மீதியில் புல்லும் கூழாங்கல்லும். 400 சதுர அடிக்குப் பதில் 160 சதுர அடிதான் மூடுகிறோம். வெயிலில் காங்கிரீட்டுக்குக் கிடைக்கும் சூடும் அந்த அளவுக்குக் குறையும். வழுக்கும், பாம்பு வரும் என்று வீட்டில் எதிர்ப்பு வரலாம். புல்லை வெட்டினால் இரண்டும் அடங்கும்.

நம் கற்பனை ஷெட்டுக்குத் தீர்ப்பு சொல்லிவிடலாம். ஒன்றரை அடி பள்ளம், குறுகல், பாதிக்கு மேல் பொத்தலான கூரை, இடிக்க வேண்டியதுதான். சுவரும் தளமுமாக இருபது டன் இடிபாடு வரும். சென்னையில் கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் கட்டட இடிபாட்டை அரைத்து மறுபடி பயன்படுத்தும் ஆலைகள் உண்டு. ஏரிக்கரையில் கொட்டும் லாரிக்காரருக்குப் பதில் அங்கே அனுப்பச் சொல்லுங்கள். தை, மாசியில் இடித்து, பங்குனி, சித்திரையில் உறைகிணறும் வாய்க்காலும் முடித்து, சரிவும் தூண்களும் ஆனியில் நிற்க வேண்டும். பேவர் கடைசியில். ஆவணி வெப்பச்சலன மழையில் ஒரு தடவை பாதையில் தண்ணீர் ஓடுவதைக் குடை பிடித்து நின்று பார்த்துவிட்டு, எங்கே தேங்குகிறதோ அந்தக் கற்களை மட்டும் எடுத்து மட்டம் சரி செய்ய, வடகிழக்குப் பருவமழைக்கு முன் அவகாசம் இருக்கும்.